கட்டுவதற்கு முன் எழுதுங்கள்: கிரிப் அறிக்கையில் தப்பாக விழுந்த நிலுவை

லோன் கேட்டுப் போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் திரையைப் பார்த்துவிட்டு, "கிரிப்பில ஒரு பிரச்சினை காட்டுது" என்பார். கிரிப் என்றால் ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் சேர்த்து வைக்கும் பணியகம். எந்தக் கணக்கு, எவ்வளவு காசு என்று கேட்டால், "அதை நீங்கள்தான் கிளியர் பண்ணிக்கொண்டு வரவேணும்" என்று பதில் வரும். பெரும்பாலானவர்கள் அங்கிருந்து நேரே நிலுவை காட்டும் நிறுவனத்துக்குப் போகிறார்கள். தொகை நாலாயிரம், ஐயாயிரம் என்றால், இதுக்குப் போய் யார் சண்டை பிடிப்பது என்று கட்டி, பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

கட்டியதும் கணக்கு மூடப்படும், அது உண்மை. ஆனால் மூடப்பட்ட கணக்குக்கு எதிரே, இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம்வரை தவணை தவறியது என்ற வரலாறு அப்படியே கிடக்கும். அடுத்த வங்கி பார்ப்பது அந்த வரலாற்றைத்தான். "பிந்திக் கட்டினார்" என்பதும் "பிந்தவே இல்லை, எங்கள் பதிவு பிழை" என்பதும் வேறு வேறு. நீங்கள் கட்டிய காசு முதலாவதை உறுதிப்படுத்திவிடுகிறது. பிறகு இரண்டாவதைக் கேட்டுப் போனால், "பிழை என்றால் ஏன் சேர் கட்டினீங்கள்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

கிரிப் என்று வாய்வழக்கில் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது; அந்தச் சட்டம் 1995இலும் 2008இலும் திருத்தப்பட்டது. அங்கே கறுப்புப் பட்டியல் எதுவும் கிடையாது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தங்கள் கடன்காரர்களின் விபரத்தைத் தொடர்ந்து அனுப்புகின்றன. பணியகம் அதை ஆளடையாளப்படி சேர்த்து, கேட்கும் உறுப்பு நிறுவனத்துக்குக் காட்டுகிறது. ஒழுங்காகக் கட்டியதும் அதில் வரும், கட்டாததும் வரும். லோன் கொடுப்பதா இல்லையா என்பது கேட்ட வங்கியின் முடிவு. பணியகத்துக்கு அதில் வேலை இல்லை. ஆகவே "கிரிப் என்னைத் தடுத்துவிட்டது" என்று அவர்களுக்கு எழுதும் நீண்ட முறைப்பாட்டால் பயன் குறைவு. தரவை அனுப்பிய நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் பணியகம் அந்தத் தரவைத் தானாக மாற்றாது. பிழை எங்கே பிறந்ததோ அங்கேதான் திருத்த வேண்டும்.

முதல் வேலை, உங்கள் சொந்த அறிக்கையை எடுப்பது. வங்கி அதிகாரி வாயால் சொன்னதையோ, திரையில் ஒரு ஓரமாகக் காட்டியதையோ வைத்து ஒரு கடிதமும் எழுதாதீர்கள். முன்பு ஐரிப்போர்ட் என்ற பெயரில் தந்ததை இப்போது மைரிப்போர்ட் என்று இணையவழியாகவும் எடுக்கலாம். நேரில் போவதென்றால் கொழும்புக் கோட்டையில் சேர் பாரன் ஜயதிலக மாவத்தை. மூல அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். கிடைத்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் மட்டும் பேனாவால் குறியுங்கள். மற்றது கிறுக்காமல் இருக்கட்டும், அதைத்தான் இணைப்பாக அனுப்பப்போகிறீர்கள்.

எல்லோரும் கடன் அட்டவணைக்குத்தான் முதலில் பாய்வார்கள். ஆளடையாளப் பகுதியை முதலில் வாசியுங்கள். தமிழர்களின் அறிக்கைகளில் குழப்பம் அங்கேதான் அதிகம். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும்; ஒரு வங்கியில் அதில் தகப்பன் பெயரை நிரப்பியிருப்பார்கள், இன்னொன்றில் உங்கள் பெயரை. சண்முகநாதன் என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம். ஒரே விலாசத்தில், ஒரே தகப்பன் பெயரோடு, முதலெழுத்து மட்டும் வேறாக இரண்டு சகோதரர்கள் இருந்தால், ஒருவரின் லீசிங் மற்றவரின் பக்கத்தில் வந்து உட்கார ஒரு எண் தவறினால் போதும். கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்களுக்கும் இதே தொல்லை.

அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபாருங்கள். 2016 முதல் 12 இலக்க அட்டை வழங்கப்படுகிறது. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்த்து, கடைசி நாலு இலக்கத்துக்கு முன்னால் ஒரு 0 போட்டு, எழுத்தை நீக்க வேண்டும். அந்த 0ஐத் தவறான இடத்தில் போட்டு ஏற்றினால் அது இன்னொருவரின் எண்ணாகவே ஆகிவிடலாம். பிறந்த வருடத்துக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கங்கள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்பவை. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆணின் அறிக்கையில் 500க்கு மேற்பட்ட நாள் எண்ணோடு ஒரு கணக்கு நின்றால் அது அவருடையதே இல்லை, வாதாடவே தேவையில்லை. அட்டையின் இரண்டு பக்கப் பிரதியோடு ஒரு பக்கக் கடிதம் போதும்.

இனி கடன் வரிகள். கணக்கு எண், ஆரம்பித்த திகதி, அனுமதித்த தொகை, மீதி, நிலுவை, நீங்கள் கடன்காரரா பிணையாளியா, மாதவாரியான வரலாறு எல்லாம் வரும். நிதிப் பற்றாக்குறையால் திரும்பிய காசோலைகள் தனியாக வரும். அண்மையில் எந்த நிறுவனம் உங்களைப் பற்றி விசாரித்தது என்பதும் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அந்த விசாரணைப் பட்டியலில் இருந்தால், யாரோ உங்கள் அடையாள அட்டைப் பிரதியோடு அலைகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தப்பான நிலுவைகளில் அடிக்கடி காண்பது மூடிய கிரெடிட் காட். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முந்திய மாத மீதியையும் சேர்த்து 48,000 ரூபா பில் வந்திருக்கிறது. 18 நாள் கழித்து முழுவதையும் கட்டி, காட்டை வெட்டி, இரத்துச் செய்யச் சொல்லிவிட்டீர்கள். வட்டி வருடம் 26 வீதம் என்றால், பில் திகதியிலிருந்து கட்டிய திகதிவரை ஓடிய வட்டி ஏறக்குறைய 615 ரூபா. அது அடுத்த பில்லில்தான் ஏறும். அந்தப் பில் நீங்கள் விட்டுவந்த வெள்ளவத்தை அனெக்ஸுக்குப் போகும். தாமதக் கட்டணம் மாதம் 1,500 என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் 615 ரூபா 5,000ஐத் தாண்டிவிடும். 90 நாள் தாண்டினால் வங்கி அதைச் செயற்படாக் கடன், அதாவது தவணை வராமல் நின்றுபோன கடன், என்று வகைப்படுத்தும். 48,000 கட்டியவர் 615 ரூபாவால் விழுந்த கதை இதுதான்.

இதில் உங்கள் பக்க நியாயம் எங்கே நிற்கிறது? "நான் எல்லாம் கட்டிவிட்டேன்" என்பதில் அது நிற்காது, ஏனென்றால் 615 ரூபா உண்மையாகவே ஓடிய வட்டி. இரத்துச் செய்யக் கேட்ட அன்றைக்கு இறுதித் தொகை எவ்வளவு என்று வங்கி சொன்னதா? மூடச் சொன்ன பிறகு கட்டணம் ஏற்றக் காரணம் என்ன? அறிவித்தல் எந்த விலாசத்துக்குப் போனது? வாதம் இந்த மூன்றில்தான் இருக்கிறது. 615ஐ ஒப்புக்கொண்டு 4,500ஐ மறுக்கும் கடிதம் ஜெயிக்கும். முழுவதையும் மறுக்கும் கடிதம் கோப்பில் தூங்கும்.

லீசிங்கில் பிழை வேறு மாதிரி. முன்கூட்டியே முடிக்கும் தொகைக்கு ஒரு செல்லுபடித் திகதி இருக்கும். வெள்ளி பின்னேரம் போட்ட காசோலை திங்களோ செவ்வாயோதான் தீரும். அதற்குள் திகதி போய்விடும், சில நூறு ரூபா தொங்கும். ஆனால் வாகனத்துக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. பதிவுப் புத்தகத்தில் அப்சொலூட் ஓனர் (கடன் முடியும்வரை சட்டப்படி உரிமையாளர்) என்று இருந்த கம்பனி தன் பெயரை நீக்கக் கடிதம் தந்திருந்தால், கணக்கில் ஏதும் பாக்கி இருந்தது என்று பிறகு சொல்ல அவர்களுக்குக் கஷ்டம். அந்தக் கடிதத்தின் திகதிக்குப் பிந்திய மாதங்களில் நிலுவை காட்டினால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.

தவணையை வேறு வங்கியிலிருந்து ஒன்லைனில் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு பொறி. குறிப்புக் கட்டத்தில் ஒப்பந்த எண் இல்லாமல் வெறும் பெயரோடு போன காசு, யாருடையது என்று தெரியாத காசை வைக்கும் நிறுவனத்தின் சஸ்பென்ஸ் கணக்கில் போய்க் கிடக்கும். காசு அவர்களிடம், நிலுவை உங்களிடம். செஃப்ட்ஸ் பரிமாற்றத்துக்கு, அதாவது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு ஒன்லைனில் உடனே போகும் பணத்துக்கு, ஒரு தொடர் எண் உண்டு. வங்கியின் குறுஞ்செய்தியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவதைவிட, உங்கள் வங்கிக் கிளையில் அந்த எண்ணோடு சீல் வைத்த கணக்குக் கூற்றை வாங்கி இணைப்பது நல்லது. "இந்த எண்ணில் வந்த பணத்தை எந்தக் கணக்கில், எந்தத் திகதியில் வரவு வைத்தீர்கள்?" என்ற ஒற்றைக் கேள்விக்கு அவர்கள் புத்தகத்தைத் திறந்தே ஆகவேண்டும்.

2020இல் கொவிட் காலத்தில் மத்திய வங்கி அறிவித்த கடன் சலுகைக் காலமும் அதன் பின்னால் வந்த நீடிப்புகளும் இன்னும் சிலரைத் துரத்துகின்றன. தவணை நிறுத்தி வைக்கப்பட்ட மாதங்கள் தவறிய மாதங்களாக எங்கோ கணக்காகி, அதன் மேல் தண்ட வட்டி ஏறியிருக்கும். அப்போது வங்கி அனுப்பிய ஒப்புதல் கடிதமோ மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. கிடைக்காவிட்டால் அந்தக் காலத்துக்குரிய கடன் கணக்குக் கூற்றைக் கேளுங்கள். சலுகை கொடுத்திருந்தால் தவணை அட்டவணை மாறிய இடம் அதிலேயே தெரியும்.

பிணை நின்றவர்களின் வழக்குக் கொஞ்சம் கசப்பானது. மச்சானின் வாகனத்துக்குக் கையெழுத்து வைத்தது உங்கள் அறிக்கையில் வருவது பிழை இல்லை. அவர் கட்டாமல் விட்டால் அதுவும் வரும், அதை அநியாயம் என்று எழுதிப் பயனில்லை. வாதாட இடம் இருப்பது உங்கள் கையெழுத்தே இல்லாதபோது, கடன் முடிந்த பிறகும் பெயர் நிற்கும்போது, அல்லது உங்களிடம் கேட்காமல் கடன் தொகையைக் கூட்டியபோது. கடைசி விடயத்தில் பிணைப் பத்திரத்தின் சொற்கள்தான் முடிவு செய்யும். பெரும்பாலான பத்திரங்களில் பிணையாளி முன்கூட்டியே தன் உரிமைகள் பலதைக் கைவிட்டுக் கையெழுத்து வைத்திருப்பார். ஆகவே பத்திரத்தின் பிரதியைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் கடிதம் எழுத வேண்டாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. கிளை முகாமையாளருக்கு ஒன்று, தலைமை அலுவலகத்தில் முறைப்பாடுகளைக் கவனிக்கும் பிரிவுக்கு அதே கடிதம், இரண்டும் பதிவுத் தபாலில். கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியோடு ரப்பர் சீல் வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது சொன்னதாகவே கணக்கில் வராது. மின்னஞ்சலும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. தனியார் நிறுவனங்களில் கோப்பு வேகமாக நகர வேண்டுமென்றால் கணக்கு எண், திகதி, தொகை உள்ள பந்தியை மட்டும் ஆங்கிலத்திலும் சேர்த்துவிடுங்கள். கொள்கை வேறு, காரியம் வேறு.

மூடிய கிரெடிட் காட்டுக்கான கடிதத்தின் உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"மேற்படி இலக்கக் கடன் அட்டைக் கணக்கு எனது எழுத்துமூல வேண்டுகோளின்படி இன்ன திகதியில் மூடப்பட்டது (இணைப்பு 1). அன்று எனக்குத் தெரிவிக்கப்பட்ட முழுத் தொகையும் செலுத்தப்பட்டது (இணைப்பு 2). இன்ன திகதியிட்ட எனது கொடுகடன் அறிக்கையில் இக்கணக்குக்கு எதிராக இன்ன மாதம் முதல் இன்ன மாதம்வரை நிலுவை காட்டப்பட்டுள்ளது (இணைப்பு 3). கணக்கு மூடப்படுவதற்கு முன் ஓடிய வட்டியைத் தவிர, இந்த நிலுவையை நான் ஏற்கவில்லை. எனது உரிமைகளுக்குப் பாதகமின்றி, பின்வருவனவற்றைக் கோருகிறேன்: கணக்கு மூடப்பட்ட பின் ஏற்றப்பட்ட கட்டணங்களை நீக்குதல், மேற்படி ஒவ்வொரு மாதத்துக்குமுரிய நிலுவைப் பதிவையும் கொடுகடன் தகவல் பணியகத்தில் திருத்துதல், இரண்டும் செய்யப்பட்டதை எழுத்தில் எனக்கு உறுதிப்படுத்துதல். கோரிக்கை மறுக்கப்படுமாயின், காரணத்தையும் கணக்கின் முழுக் கூற்றையும் தருக."

இரண்டாவது கோரிக்கையைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். கட்டணத்தை நீக்கச் சொன்னால் நீக்கிவிட்டு "முடிந்தது" என்று பதில் வரும், மாதவாரிப் பதிவு அப்படியே நிற்கும். மாதங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

"ஏற்கவில்லை", "பாதகமின்றி" என்ற சொற்களுக்கும் காரணம் உண்டு. எழுத்துமூல ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போடும் காலவரை எங்கள் காலவதிச் சட்டப்படி 6 வருடம். "தர வேண்டியதுதான், கொஞ்சம் அவகாசம் தாருங்கள்" என்று கையெழுத்தோடு எழுதினாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்தக் கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கலாம். 6 வருடம் போனால் கிரிப்பிலிருந்து தானாக அழியும் என்று புறக்கோட்டைக் கடைகளில் சொல்லிக்கொள்வதும் பிழை. காலவதி வழக்கைத்தான் தடுக்கும், பதிவை அழிக்காது.

சரி, வீட்டுக் கடன் அடுத்த வாரம், நிலுவை 5,000, வேறு வழியில்லை. அப்போது கட்டுங்கள். ஆனால் மேலே உள்ள கடிதத்தைக் கொடுத்து, சீல் வாங்கி, அதே கடிதத்தில் "ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன், மீளக் கோரும் உரிமையை வைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்த பிறகு கட்டுங்கள். கட்டும் சீட்டின் குறிப்பிலும் "ஆட்சேபத்தோடு" என்று எழுதுங்கள். வீட்டுக் கடன் கேட்ட வங்கிக்கு அந்தக் கடிதத்தின் பிரதியைக் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். தகராறு எழுத்தில் நடக்கிறது என்று தெரிந்தால் காத்திருக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள்.

உங்கள் பெயரில் வேறு யாரோ எடுத்த கடன் என்றால் வரிசை மாறும். முதலில் பொலிஸில் முறைப்பாடு, அதன் பிரதி. பிறகு நிறுவனத்திடம் விண்ணப்பப் படிவம், கையெழுத்துப் பக்கம், இணைத்த அடையாள அட்டைப் பிரதி, பணம் போய்ச் சேர்ந்த கணக்கு விபரம் ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் சாவி. காசு உங்கள் கணக்குக்கு வரவில்லை என்றால் மற்றதெல்லாம் அவர்கள் விளக்க வேண்டியது. இனிமேல் அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது குறுக்காக இன்ன நிறுவனத்துக்கு, இன்ன தேவைக்கு, இன்ன திகதி என்று எழுதிக் கொடுங்கள்.

நிறுவனம் மறுத்தாலோ வாய் திறக்காவிட்டாலோ, பணியகத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அவர்கள் அதை நிறுவனத்திடம் அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதற்கு அடுத்த படி மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், ஜனாதிபதி மாவத்தை, கொழும்பு 01, தொலைபேசி 1935. 2020இல் தொடங்கியது. 2023இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வந்திருக்கின்றன, ஆகவே நிறுவனங்கள் இந்தத் திணைக்களத்தின் கடிதத்துக்கு முன்னைவிட மரியாதை கொடுக்கின்றன. நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் என்ற இன்னொரு வாசலும் உண்டு. எந்த வாசலில் தட்டினாலும் முதல் கேள்வி, "நிறுவனத்துக்கு எழுதினீர்களா, என்ன பதில்?" என்பதுதான். பதிவுத் தபால் சீட்டு அப்போது தேவைப்படும். திணைக்களத்துக்கும் ஒம்புட்ஸ்மனுக்கும் ஒரே நாளில் எழுதாதீர்கள். ஒருவர் மற்றவரைக் காட்டிவிட்டு இருப்பார்.

முகநூலில் "கிரிப் கிளியர் பண்ணித் தரப்படும்" என்று வட்ஸ்அப் எண்ணோடு வரும் விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனம் திருத்தாமல் வெளியில் இருந்து யாரும் அந்தப் பதிவைத் தொட முடியாது. அவர்கள் கேட்பது முற்பணமும் உங்கள் அடையாள அட்டைப் படமும். இரண்டாவது முதலாவதைவிட ஆபத்து.

உறுதிக் கடிதம் வந்ததும் கொண்டாடிவிடாமல் அடுத்த மாதமும் அறிக்கையை எடுங்கள், அதற்கு இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவையும். சில இடங்களில் பணியகத்துப் பதிவை மட்டும் கையால் திருத்திவிட்டு, தங்கள் சொந்தக் கணனியில் பழைய மீதியை அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்த தரவு ஏற்றத்தில் அதே 5,000 ரூபா திரும்பவும் வந்து நிற்கும். அப்படி வந்தால் புதிதாக வாதாட வேண்டியதில்லை. அவர்களுடைய உறுதிக் கடிதத்தையும் புதிய அறிக்கையையும் ஒன்றாகப் பின் அடித்து, "உங்கள் கணக்கு முறைமையில் இன்றைய மீதி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு அனுப்புங்கள்.